உலகின் முதல் பெண் பிரதமர் யார், அந்த நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு?

நம்ம கோடியக்கரைக்கு எதிர்க்கரை நாடுதான், இலங்கை. மக்கள்தொகை சுமார் 2.2 கோடி, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

1959-ல் பிரதமராக இருந்த கணவர் சுட்டுக் கொல்லப்பட, மறுவருடம் ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். இந்திரா காந்தி வந்ததே 1966-ல்தான். பெருமைதான், ஆனால் 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு சிறிமாவோ போட்ட ஒப்பந்தத்தில், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் திருச்சி, தஞ்சாவூர் பக்கமிருந்து போனவர்களின் வாரிசுகளும் உண்டு. நாகப்பட்டினம் மீனவர்கள் இன்றும் மனம் நொந்து பேசும் கச்சத்தீவு ஒப்பந்தம், 1974-ல் இந்திராவும் சிறிமாவோவும் போட்டது.

அப்புறம் 1994-ல் மகள் சந்திரிகா ஜனாதிபதி, அம்மா மூன்றாம் முறையாகப் பிரதமர்.