அன்றாட வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வேதபாட வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது நேரம் போதவில்லை, அதனால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, வருடாவருடம் கன்வென்ஷன் கடைசி நாள் அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்காலில் நின்று என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன். அழுகையும் வருகிறது. ஒரு வாரத்தில் பழைய கோபம், பழைய பேச்சு. நான் ஒப்புக்கொடுத்ததே பொய்யா?

பொய் இல்லை தம்பி, அந்த அழுகையைச் சந்தேகப்படாதே. ஆனால் அந்த ஒரு ராத்திரியே வருடம் முழுக்கத் தாங்கும் என்று எதிர்பார்க்கிறாய் பார், சிக்கல் அங்கேதான். யாத்திராகமம் 29-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஒரு ஆட்டுக்குட்டி, தினமும் பலி செலுத்த வேண்டும் என்று இருக்கும். நேற்றே செலுத்தியாயிற்றே என்று இன்றைக்கு விட்டுவிட முடியாது. ரோமர் 12:1-இல் நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிற பவுல், அந்தப் பலிபீடத்தை நன்றாக அறிந்த யூதர்.

அப்புறம் இன்னொன்று. "என்னை முழுவதும் தருகிறேன்" என்பது கூட்டத்தில் வாயில் வந்துவிடும், திங்கட்கிழமை ஆபீசில் அது எங்கே போய் ஒட்டும் என்று தெரியாது. அதனால் காலையில், "ஆண்டவரே, பத்து மணி மீட்டிங்கில் மேலாளர் என்னை மட்டம் தட்டிப் பேசுவார், அந்த நேரத்துக்கு என் வாயை உம்மிடம் தருகிறேன்" என்று அந்த ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லியே ஜெபம் பண்ணு. தோற்றுப்போனால் சாயங்காலம் போய் மறுபடி சொல்.

கேள்வி: நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவர்களைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது அக்கா. இரண்டு பிள்ளைகள், டிபன் பாக்ஸ், ஏழரைக்கு வேன். எனக்கு ஐந்து நிமிடம்கூட அமைதி கிடையாது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காயப்பட்ட முன்னாள் சிப்பாய், படிப்பு அதிகம் இல்லை. மடத்துச் சமையலறையில் போட்டார்கள், அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஆண்டவரோடு பேசிக்கொண்டே வேலை செய்யப் பழகினார். அடுப்படியில் நிற்கும்போதும் கோவிலில் முழங்காலில் நிற்கும்போதும் தனக்கு வித்தியாசம் இல்லை என்று சொல்கிற அளவுக்கு வந்தார், வருடக்கணக்கில் பழகிய பிறகு. உனக்கு நான் சொல்வது: கண் விழித்ததும் போனை எடுக்காதே, அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் ஜெபம். மீதியைத் தோசை ஊற்றும்போது பேசு. தனியாக உட்கார்ந்து வேதம் வாசிக்கிற நேரமும் வேண்டும்தான், அதை வேன் போன பிறகு வைத்துக்கொள். நாலு மணி என்று வேதத்தில் எங்கேயும் கட்டளை இல்லை.

கேள்வி: மகன் டிகிரி முடித்து வீட்டில் இருக்கிறான். வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னால், "ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன், அவர் பார்த்துக்குவார்" என்கிறான்.

நெகேமியா 4:9-ஐ அவனை வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டேதான் பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 18:3). விண்ணப்பம் போடுவது அவன் கையில் இருக்கிறது, வேலை கிடைப்பதைத்தான் ஆண்டவர் கையில் விட வேண்டும். ஒருவேளை பயந்துபோய் அப்படிச் சொல்கிறானோ என்றும் பாருங்கள் அம்மா. நாலு இடத்தில் நிராகரித்துவிட்டால் பிள்ளைகள் விசுவாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுண்டு.

கேள்வி: துபாய் வேலைக்குப் போகலாமா என்று தெரிய, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து வந்த வசனத்தைப் பார்த்தேன். இது சரியா?

சரியில்லை. வசனத்தைச் சீட்டாக்கக் கூடாது. நியாயாதிபதி கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, அதில் பனி விழுகிறதா என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுப் பார்த்தாரே என்பார்கள், ஆனால் அவருக்கு ஆண்டவர் என்ன செய்யச் சொன்னார் என்பது ஏற்கெனவே தெரியும், பயத்தினால்தான் கேட்டார். ஒப்பந்தத்தை முழுதாகப் படி, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார், குடும்பத்தோடு பேசு. அப்புறம் "நீர் கதவை மூடினால் நான் உடைக்க மாட்டேன்" என்று ஜெபித்துவிட்டு ஒரு முடிவெடு.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் மூத்தவர்களிடம் சொன்னேன். "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுமையாக இரு, அதுதான் உன் சிலுவை" என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கச்சி, அடி வாங்குவது உன் சிலுவை இல்லை. உன்னை ஆண்டவருக்குக் கொடுப்பதும், குடித்தவன் கைக்குக் கொடுப்பதும் ஒன்று என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஊழியக்காரர் சொன்னாலும் நம்பாதே. சவுல் ராஜா கொல்லத் தேடியபோது தாவீது ஜன்னல் வழியாக இறங்கி ஓடினார். தமஸ்குவில் பவுலை ராத்திரியில் கூடையில் வைத்து மதிலிலிருந்து இறக்கினார்கள். இயேசுவே தம்மைக் கொலைசெய்ய வகைதேடுகிறார்கள் என்பதால் யூதேயாவில் சஞ்சரிக்காமல் இருந்தார் என்று யோவான் 7:1 சொல்கிறது. இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு? எபேசியர் 5-இல் மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற இடத்தை மட்டும் உனக்குக் காட்டியிருப்பார்கள், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் புருஷன் அன்புகூர வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. ஒப்புக்கொடுக்கச் சொல்லப்பட்டவன் அவன்.

இப்போது செய்ய வேண்டியது: நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போ. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் புகார் கொடுக்கலாம். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்துவை. எனக்குத் தனியாக எழுது, நான் கூட வருகிறேன்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். முழுதாக ஒப்புக்கொடுத்தவர்களுக்கு அது தேவையில்லை என்கிறார்கள்.

மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதே. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான். மாத்திரையைக் கையில் வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போடு.

கேள்வி: எனக்கு 74 வயது மகளே. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறேன். இனி ஒப்புக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஐயா, திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1931-இல் குழியில் விழுந்து அடிபட்டவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். வலியும் தூக்கமில்லாத இரவுகளும் கடைசிவரை இருந்தன. அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார், பார்க்க வந்தவர்களைத் தேற்றினார். உங்களிடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. "முடியவில்லை ஆண்டவரே" என்று முனகுவதையும் அவரிடமே முனகுங்கள், அதுவும் கொடுப்பதுதான். தெம்பு இருக்கிற அன்றைக்கு, மேலே ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாளே, அவளுக்காகவும் அவள் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள். எங்களுக்கு உங்கள் ஜெபம் தேவைப்படுகிறது ஐயா.