முறிந்த ஸ்டட்டும் உப்புக்காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, பத்து ஆண்டுகளாக பைக்கின் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் ஓட்டி வருகிறேன். ஓட்டை விழுந்த சைலென்ஸரை மாற்றுவதற்காகக் கழற்றியபோது, அதை என்ஜின் ஹெட்டோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட்களில் (தலையில்லாத மரைக் கம்பிகளில்) ஒன்று நட்டோடு சேர்ந்து முறிந்துவிட்டது. சுமார் 8 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழியே இல்லையா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: இருக்கிறது. 8 மில்லிமீட்டர் மிஞ்சியிருப்பது உங்கள் நல்ல காலம்; அவசரப்பட்டு அதையும் முறித்துவிடாதீர்கள். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மரைகளுக்கு இடையே இருக்கும் மயிரிழை இடைவெளி துருவால் இறுகிப்போகிறது. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியமும் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. கடற்காற்றோடு, மீன் பெட்டியிலிருந்து உருகி வடியும் ஐஸ் நீரும் உங்கள் வண்டிக்கு உப்பு ஊட்டியிருக்கிறது.

முதலில் கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் அடியைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுவதும் ஊற விடுங்கள். மறுநாள் சிறு சுத்தியலால் ஸ்டட்டின் முனையில் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை தட்டிவிட்டு மறுபடியும் ஸ்பிரேயை அடியுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கொடுக்கும். ஸ்பிரே கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் ஓரளவு உதவும். தேங்காய் எண்ணெய் கெட்டியானது, உள்ளே இறங்காது.

அதற்கும் அசையாவிட்டால் சூடு காட்ட வேண்டும். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்கினால் பிடி தளரும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வைத்த பிறகு, ஊற்றிய எண்ணெயைத் துணியால் முழுவதும் துடைத்தெடுத்த பிறகுதான் நெருப்பை அருகில் கொண்டுவர வேண்டும். சூடான ஸ்டட்டின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் தானே உறிஞ்சப்படும். பழைய லேத் பட்டறைக்காரர்களின் கைவழக்கம் இது. பிறகு லாக்கிங் பிளையரால் (கவ்விய பிடியை விடாத பிளையர்) இறுக்கிப் பிடித்து, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என அசைத்து அசைத்துத் திருப்புங்கள். ஒரே திசையில் முழுப் பலத்தையும் போடுவதால்தான் பெரும்பாலான ஸ்டட்கள் முறிகின்றன.

பிளையர் வழுக்கினால், வெல்டிங் பட்டறையில் மிச்சமிருக்கும் ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளைக்குள் வெல்டிங்கை நிரப்பச் சொல்லுங்கள். அலுமினியத்தில் இரும்பு வெல்டிங் ஒட்டாது என்பதால் ஹெட்டோடு சேர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சற்று ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். உங்களுடையது 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) வண்டியாக இருந்தால், பேட்டரி வயரையும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யூ.வின் கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

இவ்வளவும் செய்து ஸ்டட் மட்டத்தோடு முறிந்தால்தான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 6 மில்லிமீட்டர் ஸ்டட்டாக இருந்தால் 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்குங்கள். துளைக்குள் இறக்கி எதிர்த்திசையில் திருப்பி முறிந்த துண்டை எடுக்கும் ஈஸி அவுட்டை மட்டும் நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. கடினமான எஃகில் செய்யப்பட்ட அது உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. என் சொந்த வண்டியின் கிராங்க் கேஸில் ஒருமுறை அப்படி முறித்துவிட்டு, ஒரே ஒரு போல்ட்டுக்காக மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் தேடி மதுரை வரை போய் வந்தேன். ஸ்டட்டில் போட்ட துளையை 5 மில்லிமீட்டர் அகலம் வரை பெரிதாக்கி, மிஞ்சும் மெல்லிய இரும்புச் சுவரைப் பெயர்த்தெடுத்து மரையை டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்வதும், மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையைப் பதிப்பதும் அதைவிட நம்பகமானவை. ஹெட்டை மாற்றுவது கடைசி வழி. புது ஸ்டட் போடும்போது பித்தளை நட் வாங்கிப் போடுங்கள். அது துருப்பிடித்து இறுகாது.

கேள்வி: கிளட்ச் கவரில் உள்ள ஸ்டார் திருகின் பள்ளம் வழுவழுப்பாகிவிட்டது. ஸ்குரூ டிரைவர் சுற்றுகிறது, திருகு அசையவில்லை.
– கீழக்கரை வாசகர்

பதில்: சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரை வாங்குங்கள், இந்த வேலைக்கு அதற்கு நிகரில்லை. பள்ளத்தில் சிறிது வால்வு லேப்பிங் பேஸ்ட் (சொரசொரப்பான தேய்ப்புப் பசை) தடவினால் முனை நன்றாகப் பற்றும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்டார் திருகுக்குச் சாதாரண ஸ்டார் முனை சரியாகப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். பல திருகுகள் அதனால்தான் கெடுகின்றன. எதற்கும் மசியாவிட்டால் திருகின் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். தலை போனதும் இறுக்கம் விடுபட்டுவிடும்; கவரைக் கழற்றிய பின் மிஞ்சும் தண்டு பெரும்பாலும் பிளையருக்கே திரும்பிவிடும்.

கேள்வி: புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதேபோல் என் பைக் முழுவதும் ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?
– தொண்டி வாசகர்

பதில்: 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் இருக்கின்றன, உங்கள் போல்ட்டோ அலுமினியத்துக்குள் திருகப்படுகிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் பளபளப்பாகவே இருக்கும், ஆனால் உப்பு நீர் சேரும்போது அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் அரிக்கப்படும். பிறகு கழற்றப் போனால் போல்ட் முழுதாக வரும், கூடவே ஹெட்டின் மரையும் பொடியாக வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை எண்ணெயில்லாமல் இறுக்கினால், துருவே இல்லாமல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதும் உண்டு.

மாட்டத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு மரையிலும் மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் போட்ட மரை எளிதாக ஓடுவதால், வழக்கமான அழுத்தத்தையே கொடுத்தால் அளவுக்கு மீறி இறுகிவிடும்; சற்றுக் குறைத்தே திருப்புங்கள். தனுஷ்கோடி பக்கம் போய் வந்த நாளில் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணற்று நீர் உவராக இருக்கும் தெருவென்றால், கழுவியதும் ஒரு குடம் குடிநீரை என்ஜின் பக்கம் ஊற்றி அலசிவிட வேண்டும்.