அந்த 15,000 டாலர் கணக்கு

கேள்வி: அக்கா, நான் அமெரிக்காவுல பொலிட்டிகல் சயின்ஸ் முடிச்சிருக்கேன். ஒரு ஹவுஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்சபை) மெம்பரோட வாஷிங்டன் ஆபீஸ்ல ஸ்டாஃப் அசிஸ்டன்ட் வேலை கிடைச்சிருக்கு, வருஷத்துக்கு 47,000 டாலர். ஆனா எனக்கு முன்னாடி அதே சீட்ல இருந்தவங்க அக்டோபர்-டிசம்பர் மூணு மாசத்துக்கு 15,000 வாங்கினதா, ஹவுஸ் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளியிடுற பப்ளிக் செலவு லிஸ்ட்ல பாத்தேன். நாலால பெருக்கினா 60,000 வருது. என்னை மட்டும் ஏமாத்துறாங்களா? அப்பா வேற "இந்தச் சம்பளத்துக்கா இவ்ளோ செலவு பண்ணி படிக்க வச்சேன்"னு தினமும் ஆரம்பிச்சிடுறார். சேரலாமா?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 15,000-ஐ முடிச்சிடுவோம். ஒவ்வொரு மெம்பருக்கும் ஆபீஸ் நடத்த வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை உண்டு, எம்.ஆர்.ஏ.ன்னு சொல்வாங்க, ஸ்டாஃப் சம்பளம், தொகுதி ஆபீஸ் வாடகை, பயணச் செலவு, பிரிண்டர் மை வரைக்கும் எல்லாம் அதுக்குள்ளதான். மிச்சம் புடிச்சா மெம்பர் பாக்கெட்ல போட்டுக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் முடியாது. அதனால வருஷக் கடைசியில கையில பணம் நிக்கிற ஆபீஸ்ங்க ஸ்டாஃபுக்கு போனஸ் மாதிரி கொஞ்சம் சேர்த்துப் போட்டு விடுறது ரொம்ப நாள் வழக்கம். நீ கரெக்டா அந்த மூணு மாசத்தையே புடிச்சு நாலால பெருக்கிட்ட! அதே ஆளோட ஏப்ரல்-ஜூன் கணக்கை எடு. அதுல 11,750 இருந்துச்சுன்னா அவங்களுக்கும் 47,000தான், உன்னை யாரும் ஏமாத்தல. 13,000-க்கு மேல இருந்தா மட்டும் தைரியமா கேளு.

இப்ப அப்பா விஷயம். அவர் கோவத்துல பாதி நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். காங்கிரஸ்ல (நம்ம ஊர் கட்சி இல்ல, அமெரிக்க நாடாளுமன்றம்) கீழ்மட்ட ஸ்டாஃப் சம்பளம் ரொம்ப வருஷமா பரிதாபமாதான் இருந்துச்சு. 2011-ல இந்த எம்.ஆர்.ஏ.வை 5 சதவீதம் வெட்டினாங்க, 2012-ல 6.4, 2013-ல 8.2, மூணு வருஷம் வரிசையா. தொகையில கை வச்சா முதல்ல அடி வாங்குறது சம்பளம்தானே, மத்த செலவுல எவ்வளவு குறைச்சிட முடியும். இன்டர்ன்ஸுக்கோ பெரும்பாலும் சம்பளமே கிடையாது, 2018-ல தனியா பணம் ஒதுக்கினப்புறம்தான் நிலைமை மாறுச்சு. வாஷிங்டன் ஸ்டாஃப்ல 8 பேர்ல ஒருத்தருக்கு அங்க வாழுறதுக்குத் தேவையான அளவுகூட சம்பளம் வரலன்னு 2022 தொடக்கத்துல இஷ்யூ ஒன்ங்கிற அரசியல் சீர்திருத்த அமைப்பு கணக்கு போட்டுச்சு, அதே சமயத்துல ஸ்டாஃபே இன்ஸ்டாகிராம்ல பேர் போடாம புலம்ப ஆரம்பிச்சாங்க. அந்த வருஷ பட்ஜெட்ல எம்.ஆர்.ஏ. 21 சதவீதம் ஏறுச்சு, சபாநாயகரா இருந்த நான்சி பெலோசி ஹவுஸ் ஸ்டாஃபுக்கு வருஷத்துக்கு குறைஞ்சது 45,000-ன்னு வச்சாங்க, 2022 செப்டம்பர் 1-லேர்ந்து. நியூயார்க் ஹவுஸ் மெம்பர் ஒகாசியோ கோர்டெஸ் ஆபீஸ்ல 2019-லயே 52,000-க்குக் கீழ யாருக்கும் இல்ல, அப்ப எல்லாரும் ஆச்சரியமா பாத்தாங்க.

அதனால உன் 47,000 அடிமட்டத்துக்கு ரெண்டாயிரம் மேல, அவ்வளவுதான். மாசத்துக்கு 3,900 சொச்சம், அதுவும் வரி புடிக்கிறதுக்கு முன்னாடி. அந்த 45,000 2022-ல வச்ச கோடு, வாஷிங்டன் வாடகை அங்கேயே நிக்கல. ரூம்மேட் இல்லாம கஷ்டம், இதை அப்பாகிட்ட மறைக்காத. கூடவே அரசாங்கம் பங்கு போடுற ஹெல்த் இன்சூரன்ஸ், ரிட்டயர்மென்ட் கணக்குல 5 சதவீதம் வரைக்கும் அவங்க பங்கு, ஆபீஸ் சம்மதிச்சா ஸ்டூடன்ட் லோன் கட்ட உதவி, இதையும் சேர்த்துச் சொல்லு.

ஆனா நான் உன் இடத்துல இருந்தா ஆரம்ப சம்பளத்தைப் பத்தி இவ்வளவு யோசிக்க மாட்டேன், அந்த ஆபீஸ்ல ஆளை எவ்வளவு சீக்கிரம் மேல ஏத்துறாங்கன்னுதான் பாப்பேன். முன் டெஸ்க்ல உக்காந்து ஒரு காதுல கத்துற வாக்காளரைச் சமாளிச்சுக்கிட்டே எதிர்ல கேபிடல் டூருக்கு வந்து நிக்கிற குடும்பத்தைப் பாத்து சிரிக்கிற வேலை இது, ஒரு வருஷத்துக்கு நல்ல பாடம், மூணு வருஷம்னா தண்டனை. அடுத்த படி லெஜிஸ்லேடிவ் கரஸ்பாண்டன்ட், வர்ற லெட்டருக்கெல்லாம் பதில் டிராஃப்ட் பண்றது, அதுக்கு மேல லெஜிஸ்லேடிவ் அசிஸ்டன்ட், மசோதா வேலையைப் பாக்குறவங்க. உச்சியில ஆபீஸையே நடத்துற சீஃப் ஆஃப் ஸ்டாஃப், 2021-ல ஸ்டாஃப் சம்பள உச்சவரம்பை 199,300-க்கு ஏத்தினதுலேர்ந்து மெம்பரைவிட அதிகமாவே வாங்கலாம், மெம்பர் சம்பளம் 2009-லேர்ந்து 174,000-லயே நிக்குது பாவம்.

இதுக்கெல்லாம் பொதுவான கிரேடு, இன்க்ரிமென்ட் ரூல்னு எதுவும் கிடையாது. 441 ஆபீஸும் 441 தனி முதலாளி மாதிரி. ஒருத்தருக்கு நிரந்தர ஸ்டாஃப் அதிகபட்சம் 18 பேர்தான், மேல ஒருத்தர் கிளம்பினாத்தான் உனக்கு சீட். நீ பாத்த அதே லிஸ்ட்ல அந்த ஆபீஸோட ரெண்டு மூணு வருஷக் கணக்கை எடுத்து, ஸ்டாஃப் அசிஸ்டன்டா இருந்த பேருங்க அடுத்த வருஷம் என்ன பதவியோட வருதுன்னு பாரு. பதவி மாறி வந்தா சேரு. ஒவ்வொரு வருஷமும் புதுப் பேரா வந்து காணாமப் போனா வேற ஆபீஸ் தேடு. அப்படியே போன தேர்தல்ல அந்த மெம்பர் எத்தனை ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார்னும் பாத்துடு, ஏன்னா அவர் தோத்தா ஜனவரி 3-ஓட அவர் கூட உன் வேலையும் போயிடும்.