தக்கலையிலிருந்து மாமியாரை அவசரமாக அழைத்து வர

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து மனசு கலங்கிவிட்டது. டாலஸுக்கு வந்து நீங்களே இன்னும் சரியாக ஊன்றவில்லை, அதற்குள் மனைவியின் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. அக்கா அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அவருடைய அம்மா, அதாவது உங்கள் மாமியார், குமரி மாவட்டத்துத் தக்கலையில் தனியாக இருக்கிறார். "குடிமக்களின் உறவினருக்கு மனிதாபிமான அடிப்படையில் அவசர விசா உண்டாமே, எங்கே விண்ணப்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயரில் ஒரு விசா கிடையாது. அக்கா குடிமகள் என்பதற்காக அம்மாவுக்கு அவசரத்தில் தனி வாசல் எதுவும் திறக்காது. குடியுரிமையை வைத்து அவர் செய்யக்கூடியது ஐ-130 மனு. பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லைதான், ஆனாலும் அது கிரீன் கார்டுக்கான, அதாவது இங்கேயே நிரந்தரமாகக் குடியேறுவதற்கான பாதை, மாதக்கணக்கில் இழுக்கும், இந்த நேரத்துக்கு உதவாது. அதோடு, குடியேற்ற மனு ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்று வருகையாளர் விசாப் படிவமே கேட்கிறது. ஆம் என்றால் "இவர் திரும்பிப் போவாரா" என்ற சந்தேகம் கூடும். அதனால் அந்த மனுவை இப்போது தொடாதீர்கள் என்பேன்.

உங்களுக்கு உரியது சாதாரண பி-2 வருகையாளர் விசா, அதற்கு அவசர நேர்காணல் தேதி. முதலில் டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, 185 டாலர் கட்டணம் கட்டி, கிடைக்கிற தேதியைப் பதிவு செய்துவிடுங்கள், அது எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. அதற்கு அப்புறம்தான், தேதி பதிவு செய்த அதே இணையக் கணக்கில் அவசரக் கோரிக்கை வைக்க முடியும். இந்தக் கோரிக்கைக்கு ஒரே வாய்ப்புதான், அதனால் காகிதங்கள் கைக்கு வராமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய் போன்றவற்றைத்தான் அவசரமாக எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம், பட்டமளிப்பு விழா, மகளின் பிரசவத்துக்கு உதவி எல்லாம் இதில் சேராது. உங்கள் காரணம் சேரும். அதை நம்பும்படி காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காட்டுவது மருத்துவமனைக் கடிதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என் தங்கை மாப்பிள்ளை இங்கே தீவிர சிகிச்சையில் கிடந்தபோது, குலசேகரத்திலிருந்து அவருடைய அம்மாவை அழைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த தாளில், "இன்னார் எங்கள் சிகிச்சையில் இருக்கிறார்" என்று ஒரே ஒரு வரி. அதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன புரியும்? காய்ச்சலா, உயிர் போகிற நோயா? வார்டில் இருந்த சோஷியல் ஒர்க்கரிடம் தங்கை அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா டாக்டரிடம் பேசி வேறு கடிதம் வாங்கித் தந்தார். நோயின் பெயர், இப்போதைய நிலை, அடுத்து என்ன சிகிச்சை, எந்தத் தேதிகளில், தாய் பக்கத்தில் இருப்பது ஏன் முக்கியம், நோயாளிக்கும் தாய்க்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், டாக்டரின் கையெழுத்து, நேரடித் தொலைபேசி எண், எல்லாம் ஒரே பக்கத்தில். சரிபார்க்க யாராவது கூப்பிட்டால் அந்த எண்ணில் ஆள் எடுக்க வேண்டும். உங்களுக்கும் இதே மாதிரிக் கடிதம் வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிப் பேச்சு இருந்து, அம்மாவைக் கொடையாளராகப் பரிசோதிக்கும் எண்ணமும் டாக்டருக்கு இருந்தால், அதையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாததை மட்டும் எழுத வைக்காதீர்கள். விசாவுக்காகப் பொய் சொன்னது தெரிந்தால் வாழ்நாள் தடை வரை போகும்.

அடுத்தது, இவர் இன்னாருடைய தாய் என்பதற்கு ஆதாரம். நம்ம குமரி மாவட்டத்தில் இது பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் இன்னொன்று. 1956-க்கு முன்னால் திருவிதாங்கூர் காலத்தில் பிறந்தவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. அக்காவின் பழைய இந்திய பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். குடியுரிமை மாறியபோது ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தால் தட்கலில் 3,500 ரூபாய் கட்டி உடனே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் பக்கம்தானே, அங்கே முடிக்கலாமா என்று ஊரில் கேட்பார்கள். அமெரிக்க விசாவுக்கு அங்கே ஒன்றும் நடக்காது, சென்னைக்குத்தான் போக வேண்டும். கைரேகை, புகைப்படம் ஒரு இடம், நேர்காணல் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகம். வயதானவர், தனியாக அனுப்பாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது, இல்லாவிட்டால் ராத்திரி ரயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அதனால் கூடப் போகிறவர் அதை வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்க வேண்டும்.

நேர்காணலில் தமிழிலேயே பேசலாம். வருகிற எவரும் இங்கேயே தங்கிவிடுவார் என்று எடுத்துக்கொள்வதுதான் இவர்கள் சட்டம், இல்லை என்று விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். பட்டா, பென்ஷன் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும், ஆனால் பல நேரம் அவற்றை வாங்கிப் பார்க்கவே மாட்டார்கள், வாய்ப் பேச்சுதான். குலசேகரத்து அம்மாவிடம் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டபோது, "எனக்க மவனப் பாத்துட்டு வந்திரணும், பால் வெட்டுற ஆளுக்குக் கூலி குடுக்க வேற ஆரு இருக்கா?" என்றாராம். ரப்பர் தோட்டத்துக்கு அதைவிடப் பெரிய சான்று எந்தப் பத்திரமும் இல்லை. உங்கள் மாமியாருக்கும் வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். மகளின் நோய் என்ன, எவ்வளவு நாள் இருப்பார், செலவு யார், ஊரில் வீட்டை யார் பார்ப்பார், இந்த நாலுக்கும் உண்மையான பதில் அவருக்கே தெரிந்திருந்தால் போதும்.

மனிதாபிமானம் என்ற சொல் வருவது 'பரோல்' என்ற ஏற்பாட்டில். ஐ-131 படிவத்தில் கேட்பது. அது விசா அல்ல. அவசர மனிதாபிமானக் காரணத்துக்காகக் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்குள், உள்ளே வர அனுமதி. யாருக்கும் உரிமையாகக் கிடைக்காது, ஒவ்வொரு மனுவாகப் பார்த்து முடிவு செய்வார்கள். வழக்கமான விசாவைத் தவிர்க்கும் குறுக்கு வழியாக இதைக் கேட்டால் எடுபடாது, அதனால் பி-2 மறுக்கப்பட்ட பிறகு இதற்குப் போவதுதான் முறை. 2021-ல் காபூல் வீழ்ந்தபின் ஆப்கானியர்களின் மனுக்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவன் நான், வேகத்தை நம்பி இதில் இறங்காதீர்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் பரோல் கிடைப்பவர்களுக்கு 1,000 டாலர் கட்டணமும் வைத்தது. உயிர் பிரியும் நிலையில் உள்ள நெருங்கிய உறவினரைப் பார்ப்பது, உறுப்பு தானம், இறுதிச் சடங்கு போன்ற சில காரணங்களுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தப் படிக்கு வந்தால் குடியேற்ற வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ "எமர்ஜென்சி விசா கேரண்டி" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி உத்தரவாதம் தர எவராலும் முடியாது.

அக்கா இந்நாட்டு வாக்காளர் என்பது ஒரு இடத்தில் உதவும். அவருடைய தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட விஷயங்களைக் கவனிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு மருத்துவக் கடிதத்தையும் கொடுத்தால் தூதரகத்துக்கு எழுதிக் கேட்பார்கள். விசா கொடு என்று உத்தரவிட முடியாது, ஆனால் கோரிக்கை யார் கண்ணிலும் படாமல் கிடப்பது குறையும்.

விசா வந்ததும் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக டிக்கெட் போடுங்கள், சக்கர நாற்காலி உதவியை அப்போதே கேட்டுவிடுங்கள். வருகையாளர் காப்பீடு கட்டாயம் எடுங்கள். சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்களுக்கு அதில் எந்த அளவு பணம் கிடைக்கும் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்று மனைவியை ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கரிடம் அனுப்பிக் கடிதத்தைக் கேட்கச் சொல்லுங்கள். டிஎஸ்-160-ஐ நீங்கள் ராத்திரி உட்கார்ந்து நிரப்புங்கள். கடிதம் கைக்கு வந்ததும் கோரிக்கை வைக்கும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.