கோடு கீழே இறங்கினால் வேகம் குறைகிறது என்று அர்த்தமா?

விழுப்புரத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “என் மகள் 11ஆம் வகுப்பு. திசைவேகம்–காலம் வரைபடத்தில் கோடு ஏறினால் வேகம் கூடுகிறது, இறங்கினால் குறைகிறது என்று டியூஷனில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மேலே எறிந்த பந்துக்கு வரைந்தால் கோடு முதலிலிருந்து கடைசி வரை இறங்கிக்கொண்டே போகிறது. கீழே விழும் பந்துக்கு வேகம் கூடத்தானே செய்யும் என்று கேட்டு அழுகிறாள். தெரிந்தவர் ஒருவர், அடிப்படையே சரியில்லை, ஒரு கோச்சிங்கில் சேர்த்துவிடுங்கள், நானே பேசிக் கட்டணத்தைக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். சேர்க்கலாமா?”

சேர்க்க வேண்டாம் அம்மா. உங்கள் மகள் கேட்டிருப்பது சரியான கேள்வி. தப்பு டியூஷன் நோட்ஸில் இருக்கிறது.

முதலில் எளிதான படத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு மின்சார ரயில் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. 40 வினாடியில் அதன் திசைவேகம் 0விலிருந்து வினாடிக்கு 20 மீட்டருக்கு வருகிறது, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கோடு சாய்வாக ஏறும். அந்தச் சாய்வுதான் முடுக்கம், அதாவது வினாடிக்கு வினாடி திசைவேகம் மாறும் அளவு: 20ஐ 40ஆல் வகுத்தால் 0.5 மீ/வி². அப்புறம் 60 வினாடி அதே வேகத்தில் ஓடுகிறது, கோடு படுத்துவிடும். பலர் இங்கே “ரயில் நின்றுவிட்டது” என்று எழுதுகிறார்கள். அது தூரம்–காலம் வரைபடத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எந்த அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கோட்டைப் பார்ப்பதால் வரும் தவறு இது. கடைசி 25 வினாடி பிரேக். கோடு இறங்கும், முடுக்கம் மைனஸ் 0.8. கோட்டுக்கு அடியில் உள்ள பரப்புதான் ரயில் ஓடிய தூரம். அதைக் கூட்டினால் 400, 1200, 250, ஆக 1850 மீட்டர். அடுத்த நிலையம் வந்துவிட்டது.

இந்த ரயிலை மட்டும் வைத்துக்கொண்டுதான் “இறங்கினால் வேகம் குறையும்” என்ற சூத்திரத்தைத் தயாரித்துவிட்டார்கள். ரயில் பின்னால் வராதவரை அது செல்லும். பந்து திரும்பி வருகிறதே!

உங்கள் மகளைக் கிராஃப் தாளில் இதை வரையச் சொல்லுங்கள். படுக்கை அச்சில் காலம், நிற்கும் அச்சில் திசைவேகம். நிற்கும் அச்சு சுழிக்கு மேலேயும் கீழேயும் போக வேண்டும். மேல் நோக்கிய திசை பிளஸ். பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். கணக்குக்காகப் புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம், காற்றை மறந்துவிடுவோம். 0, 1, 2, 3, 4 ஆகிய வினாடிகளில் திசைவேகம் 20, 10, 0, மைனஸ் 10, மைனஸ் 20. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரே நேர்கோடு, ஒரே சாய்வு, மைனஸ் 10.

இப்போது 3ஆம் வினாடியையும் 4ஆம் வினாடியையும் பாருங்கள். மைனஸ் 10, மைனஸ் 20 என்றால் வேகம் 10இலிருந்து 20ஆகக் கூடியிருக்கிறது. மைனஸ் சொல்வது திசையை மட்டும்தான். தமிழில் அழகாகத் ‘திசைவேகம்’ என்று பெயரே வைத்திருக்கிறோம், ஆனால் வகுப்பில் அதிலுள்ள திசையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் கூடாது. காலம் எழுதிய படுக்கை அச்சை நெருங்குகிறதா, அதைவிட்டு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். நெருங்கினால் வேகம் குறைகிறது, விலகினால் கூடுகிறது. பந்தின் கோடு 2ஆம் வினாடி வரை அச்சை நெருங்குகிறது, பிறகு அச்சைக் கடந்து விலகிப் போகிறது. எதிர் முடுக்கம், அதாவது மைனஸ் முடுக்கம், என்றாலே வேகம் குறைகிறது என்று நோட்ஸில் இருந்தால் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. 2ஆம் வினாடியில், உச்சியில், முடுக்கம் எவ்வளவு? நான் பாடம் நடத்திய காலம் முழுக்க வகுப்பில் பாதிப் பேர் சுழி என்றே சொன்னார்கள். அந்த இடத்தில் கோடு மடங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். மடங்காது, அதே சாய்வில் அச்சைக் குறுக்கே வெட்டிப் போகும். அங்கே முடுக்கமும் சுழியானால் கோடு அச்சின் மேலேயே படுத்துவிட வேண்டும். பந்து அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும்.

இதைப் புரியவைக்க ஒரு கிராஃப் தாளும் அரை மணி நேரமும் போதும். அந்த அரை மணி நேரம்தான் பள்ளியில் கிடைப்பதில்லை. 11ஆம் வகுப்பை ஒப்புக்கு ஓட்டிவிட்டு 12க்குத் தாவும் பழக்கத்தை ஒழிக்கவென்று 2018இல் 11க்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பாடத்தை நிறுத்தி நிதானமாக நடத்த யார் வழி செய்தார்கள்? நீட் தேர்வோ இரண்டு வகுப்புப் பாடத்தையும் கேட்கிறது. இந்த இடைவெளியில்தான் கோச்சிங் கடைகள் முளைக்கின்றன.

‘பேசிக் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆள் சேர்த்துவிடத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குழந்தை அழும் நாளில்தான் வந்து பேசுவார்கள். நாளைக்குள் கட்டினால்தான் சலுகை என்றால் எழுந்துவிடுங்கள். ரசீது இல்லாமல், இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல், ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

அதற்குப் பதில் அரசின் 9ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கி, ‘இயக்கம்’ பாடத்தை இந்த வாரம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மேலே சொன்ன பந்துப் படத்தில் இரண்டு முக்கோணங்களின் பரப்பையும் அவளே கண்டுபிடிக்கட்டும். அச்சுக்கு மேலே 20, கீழே 20 வரும். இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து கடைசியில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) சுழி, கடந்த தூரம் 40 மீட்டர் என்று அவளே சொல்லிவிட்டால், 11ஆம் வகுப்பு இயக்கவியல் பாடத்தைத் தைரியமாகத் திறக்கலாம்.