ஒட்டகத்தில் ஏறலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 57. டிசம்பர் கடைசியில் மகள் குடும்பத்தோடு ராஜஸ்தானில் ஜெய்சால்மர் போகிறோம். சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி உண்டு என்று ஏழு வயதுப் பேத்தி இப்போதே குதிக்கிறாள். ‘ஆச்சி, நீயும் என்கூட ஏறணும்’ என்று ஒரே பிடிவாதம். நான் ஒட்டகத்தைக் கிட்டே போய்ப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் இடுப்பில், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி ஒரு மாதம் படுத்துவிட்டேன். இப்போது வலி இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 43 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. ஒட்டகத்திடமிருந்து காய்ச்சல் வரும் என்கிறார்களே, அது வேறு பயம். நான் ஏறலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் டிஸ்க்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் மணிக்கட்டுதான் கவலையாக இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைவது சாதாரண விஷயம் இல்லை. அதோடு மாதவிலக்கும் சீக்கிரம் நின்றிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்று கட்டுப் போட்டவர்கள் எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால், ஒட்டகம் இருக்கட்டும், அந்தப் பரிசோதனை உங்களுக்கு எப்படியும் வேண்டும். டெக்ஸா ஸ்கேன் என்று பெயர். ஊசி கிடையாது, படுத்திருந்தால் போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘டி ஸ்கோர்’ என்று ஒரு எண் தருவார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். அப்படி வந்தால் ஒட்டகத்தின் முதுகில் ஏறாதீர்கள். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தாலும், ஏற்கெனவே ஒரு முறை உடைந்த எலும்பு என்பதால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒட்டகம் எழுந்திருக்கும் விதம் அப்படி. ஒட்டகம் மண்டி போட்டுப் படுத்திருக்கும்போதுதான் நாம் ஏறுகிறோம். அது எழும்போது பின்கால்களை முதலில் நிமிர்த்தும். முன்பக்கம் இன்னும் முழங்காலில் நிற்க, நமக்குப் பின்னால் மட்டும் மேடு எழும்பும். நான் முதல்முறை ஏறியபோது, ஒரு நொடியில் ஒட்டகத்தின் கழுத்து என் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. சேணத்துப் பிடியை இறுக்கியதில் உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு பதிந்துவிட்டது. அடுத்த நொடி முன்கால்களும் நிமிர, உடம்பு பின்னால் சாய்ந்தது. இறங்கும்போது முன்முழங்கால் முதலில் மடிவதால் மறுபடி முன்னால் தள்ளும். இந்தத் திடீர்க் குனிவும் உதறலும் நேராகப் போய் விழுவது விலாவும் இடுப்பும் சேரும் இடத்து முதுகெலும்பில். எலும்பு மெலிந்தவர்களுக்கு அங்கே முள்ளெலும்பு நசுங்க, கீழே விழக்கூட வேண்டாம். விழுந்தாலோ, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம்.

ஸ்கேன் நன்றாக வந்தால் தாராளமாக ஏறுங்கள். பழைய டிஸ்க் பிதுக்கம் ஒன்றே அதற்குத் தடை இல்லை. காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இப்போது இருந்தால் மட்டும் வேண்டாம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னால் சாயுங்கள், அப்புறம் கொஞ்சம் முன்னால் வாருங்கள். உட்காரும்போது மறுபடி நன்றாகப் பின்னால் சாயுங்கள். இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். புடவை வேண்டாம், தளர்வான காட்டன் பேண்ட் நல்லது. துப்பட்டா போட்டால் தொங்கவிடாமல் கட்டிக்கொள்ளுங்கள். ஒட்டகம் ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து எடுத்து வைக்கும் பிராணி. அதனால் படகில் போவதுபோலப் பக்கவாட்டில் ஆடும். விறைத்து உட்காராமல் இடுப்பை அதன் போக்கில் விட்டுவிட்டால் முதுகுக்குச் சுகம். முதல் தடவைக்கு இருபது நிமிடம் போதும், ஓட்டம் வேண்டவே வேண்டாம். மறுநாள் உள்தொடை வலிக்கும், இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். பஸ்ஸில் வாந்தி வருபவர்கள் அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒட்டகத்தில் ஏறக் கூடாது. தூக்கம் வரும்.

காய்ச்சல் பற்றிக் கேட்டீர்கள். அது மெர்ஸ் என்ற வைரஸ் காய்ச்சல். 2012-இல் சவூதி அரேபியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் அரபு நாடுகளில்தான் அதைப் பார்க்கிறோம், ஜெய்சால்மர் பயணத்தை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒட்டகத்தின் மூக்கு, வாய்ப் பக்கம் போகாதீர்கள். இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

காய்ச்சலைவிட நான் பயப்படுவது கடிக்குத்தான். நீங்கள் போகும் குளிர்காலம் ஒட்டகங்களின் இணைசேரும் பருவம். அப்போது ஆண் ஒட்டகத்துக்குக் கோபம் அதிகம். வாயோரம் நுரை, பல்லை நறநறவென்று கடிப்பது, வாய்க்கு வெளியே பலூன்போல உப்பித் தொங்கும் சிவந்த சவ்வு, பிடரியில் கறுப்பாக வழியும் கசிவு, இதில் எது தெரிந்தாலும் வேறு ஒட்டகம் கேளுங்கள். ஒட்டகக்காரரிடம் தயங்காமல் கேட்கலாம். ஒருவேளை கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கடிபோலவே ஒட்டகக் கடிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி தேவை. டெட்டனஸ் ஊசியும் போட வேண்டியிருக்கும்.

பேத்தி விஷயம் ஒன்று பாக்கி. ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அவளை உங்களுக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஒட்டகம் முன்னால் சாயும்போது உங்கள் எடை முழுதும் குழந்தை மேல் விழும். அவளைப் பிடிப்பதா, சேணத்தைப் பிடிப்பதா என்று உங்கள் கையும் தடுமாறும். அவள் அப்பாவோடு ஏறட்டும், நீங்கள் பக்கத்து ஒட்டகத்தில் வாருங்கள். ஸ்கேன் சரியில்லை என்றால் அங்கே டயர் வைத்த ஒட்டக வண்டியும் கிடைக்கும். நிதானமாக ஓட்டச் சொல்லி, அடியில் தடியான மெத்தை போட்டு அதில் உட்காருங்கள். பேத்தியும் உங்களோடு ஒரு சுற்று வண்டியில் வருவாள். ஸ்கேனை மட்டும் டிக்கெட் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.