சின்ன இரட்டை எஞ்சின் விமானம்: வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

கேட்டவரின் நிலைமை இது: ஒற்றை எஞ்சின் விமானத்தில் 200 மணி நேரம் பறந்திருக்கிறார். அடுத்து இரட்டை எஞ்சின் ரேட்டிங், அதாவது இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதி, எடுக்கப் போகிறார். 1970களில் செய்த பைப்பர் செனகா என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் விலை, புது ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதைவிட இதை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

ரேட்டிங்கை வாடகை விமானத்தில் எடுங்கள். வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வருடத்தில் இரட்டை எஞ்சினில் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பது லாக் புக்கில் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நான் பைப்பர் செமினோல் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் வாடகைக்குப் பறந்து ரேட்டிங் எடுத்தவன். பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அதே அளவுள்ள ஒரு பீச்கிராஃப்ட் டச்சஸ் வாங்கி ஆறு வருடம் வைத்திருந்தேன். அந்த ஆறு வருடத்தின் ரசீதுகள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்களே, பழைய இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது. விற்பனை விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே, வாங்கிய பிறகு ஆகும் செலவு எவ்வளவு என்று விற்பவருக்கும் தெரியும், சந்தைக்கும் தெரியும் என்பதுதான்.

முதலில் வாடகை. இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தின் மணி வாடகை, அதே இடத்தில் கிடைக்கும் ஒற்றை எஞ்சின் விமானத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கும். கேட்கும்போதே எரிபொருள் சேர்த்தா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் சேர்ந்த வாடகையை வெட் ரேட் என்பார்கள், சேராததை டிரை ரேட் என்பார்கள். டிரை ரேட் பார்க்க மலிவாகத் தெரியும். ஆனால் செமினோலோ டச்சஸோ மணிக்கு 70 முதல் 75 லிட்டர் குடிக்கும். ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 குடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அடுத்து, வாடகை நேரத்தை அளக்கும் மீட்டர். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் கணக்கில் எடுக்கும். டாக் மீட்டர் எஞ்சினின் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது, தரையில் மெதுவாக ஓடும்போது அதுவும் மெதுவாகவே ஓடும். ஒரே பறப்புக்கு இரண்டும் காட்டும் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் வித்தியாசம் வரும். இரண்டு இடங்களின் வாடகையை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

ரேட்டிங்குக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 6 மணி நேரப் பறப்பு, 7 மணி நேர வகுப்பு. அமெரிக்காவில் குறைந்தபட்ச மணி நேரம் என்று ஒன்று இல்லை, பரீட்சைக்குத் தயார் என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்தால் போதும். எங்கே எடுத்தாலும் 10 முதல் 15 மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். இவ்வளவு குறைந்த மணி நேரத்துக்காக விமானம் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

வாடகையின் உண்மையான கஷ்டம் ரேட்டிங் கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். பல பயிற்சிப் பள்ளிகள் இரட்டை எஞ்சின் விமானத்தைப் பயிற்சியாளர் இல்லாமல் தருவதில்லை. தந்தாலும், இரட்டை எஞ்சினில் இத்தனை மணி நேரம், அதே மாடலில் இத்தனை மணி நேரம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட நிபந்தனை இருக்கும். குடும்பத்தோடு மூன்று நாள் வெளியூர் போனால், பறக்காத நாளுக்கும் தினசரி குறைந்தபட்ச மணி நேரத்துக்குக் காசு கேட்பார்கள். அவர்களுக்கும் விமானம் சும்மா நின்றால் நஷ்டம்தானே. பல பேரை வாங்கும் பக்கம் தள்ளுவது இந்தத் தடைகள்தான். எங்கள் மூவரையும் தள்ளியதும் அதுதான்.

சரி, சொந்தமாக வைத்திருந்தால் செலவு எப்படி வரும்? அதை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். பறந்தால் மட்டும் ஆகும் செலவு ஒன்று: எரிபொருள், எஞ்சின் ஆயில், எஞ்சின் ஓவர்ஹாலுக்கும் (முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பதற்கும்) புரொப்பெல்லர் ஓவர்ஹாலுக்கும் மணிக்கு மணி எடுத்து வைக்க வேண்டிய தொகை, தேய்மானம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு இன்னொன்று: ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரப் பரிசோதனை, கடன் வாங்கியிருந்தால் வட்டி.

பணத்தின் பெயர் இல்லாமல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் வைத்துப் பார்க்கலாம். ஒரு மணி வாடகை 100 என்று வையுங்கள். சொந்த விமானத்தில் ஒரு மணிக்கு ஆகும் பறப்புச் செலவு 65, வருட நிலைச் செலவு 6000 என்று வையுங்கள். சொந்தத்தில் பறந்தால் மணிக்கு 35 மிச்சம். 6000ஐ 35ஆல் வகுத்தால் 171. அதாவது வருடத்துக்கு 171 மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் சொந்தம் மலிவு. மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 2000, அப்போது 57 மணி நேரம் போதும். வேலைக்குப் போய்க்கொண்டு, வார இறுதியில் மட்டும் பறக்கும் ஒருவருக்கு 171 மணி நேரம் சாத்தியமே இல்லை. 57 மணி நேரம் முயன்றால் முடியும். பங்குதாரர்கள் சேர்ப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் எல்லோரும் ஏமாறும் இடம் ஓவர்ஹால். லைக்கமிங் நிறுவனத்தின் O-360 போன்ற எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 2000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. விளம்பரத்தில் மணி நேரம் மட்டும் பெரிதாக இருக்கும். எங்கள் டச்சஸின் எஞ்சின்கள் இரண்டும் 1100 மணி நேரம் ஓடியிருந்தன. இன்னும் 900 மணி நேரம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். முந்தைய உரிமையாளர் கடைசி சில வருடங்களில் வருடத்துக்கு 20 மணி நேரம்கூடப் பறக்கவில்லை என்பதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் பார்த்தோம், ஆனால் அதன் அர்த்தம் எங்களுக்குப் புரியவில்லை.

லைக்கமிங்கில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் ஓடாமல் வாரக்கணக்கில் நின்றால் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் கேமைத் தொடும், துரு பிடிக்கும். அடுத்து எஞ்சினை ஓட்டும்போது அந்தத் துருப் பிடித்த மேற்பரப்பு தேய்ந்து பொடியாகும். எங்களுடைய முதல் வருடாந்திரப் பரிசோதனையில் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்த மெக்கானிக் காந்தத்தை வைத்துக் காட்டினார், உலோகத் துகள்கள் ஒட்டிக்கொண்டன. வலது எஞ்சினைக் கழற்றி இறக்க வேண்டியதாயிற்று.

அந்த வலது எஞ்சினிலும் ஒரு விஷயம் இருந்தது. டச்சஸிலும் செமினோலிலும் இரண்டு எஞ்சின்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். எந்த எஞ்சின் நின்றாலும் விமானத்தைக் கட்டுப்படுத்துவதில் சிரமம் ஒரே அளவில் இருக்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். பறப்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் வலது பக்கத்தில் எதிர்த் திசையில் சுற்றும் LO-360 எஞ்சினின் முக்கிய உதிரிகள் சாதாரண O-360இல் பொருந்தாது, தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு மாதம் விமானம் தரையில் நின்றது. அந்த நான்கு மாதமும் ஹேங்கர் வாடகையும் இன்சூரன்ஸும் ஒரு ரூபாய் குறையாமல் போய்க்கொண்டிருந்தன. அவசரத்துக்கு என்று நாங்கள் வைத்திருந்த பொதுப் பணம் தீர்ந்து, மூவரும் சேமிப்பை உடைத்தோம். பங்குதாரர்களில் ஒருவர் தன் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்தார் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானம் வாங்குகிற அன்றைக்கே ஒரு எஞ்சின் ஓவர்ஹாலுக்கான முழுத் தொகையும் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரொப்பெல்லர் இரண்டும் இலைகளின் கோணம் மாறும் வகை. ஹார்ட்செல் நிறுவனத்தின் பல மாடல்களுக்கு 2400 மணி நேரம் அல்லது 6 வருடம் என்பது வரம்பு, குறைவாகப் பறப்பவருக்கு 6 வருடம்தான் முதலில் வரும். பெட்ரோல் எரித்து விமானத்தின் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் இருந்தால் அதற்கும் தனியாக அழுத்தச் சோதனை உண்டு. மடங்கும் சக்கரங்களின் ஹைட்ராலிக்ஸ், இரண்டு ஆல்டர்னேட்டர், புரொப்பெல்லரின் சுழற்சியைச் சீராக வைக்கும் இரண்டு கவர்னர், நான்கு சிலிண்டர் எஞ்சின் என்றாலும் மொத்தம் 16 ஸ்பார்க் பிளக். நீங்கள் பார்க்கும் செனகா 1975 முதல் வந்த இரண்டாவது வகை என்றால், அதில் இருப்பவை ஆறு சிலிண்டர் டர்போ கான்டினென்டல் எஞ்சின்கள். சிலிண்டர் 12, பிளக் 24, அதற்கு மேல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இரண்டு. அதில் டர்போ அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது, எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை விமானிதான் பார்த்துத் தள்ள வேண்டும். முன்பு ஓட்டியவர் எவ்வளவு பொறுமையாக ஓட்டினாரோ அவ்வளவுதான் எஞ்சினின் ஆயுள்.

வேகத்துக்காக இரட்டை எஞ்சின் வாங்க நினைத்தால், இதையும் பாருங்கள். டச்சஸ் சுமார் 155 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் போகும், மணிக்கு 70 லிட்டருக்கு மேல். ஒரே எஞ்சின் உள்ள பீச்கிராஃப்ட் பொனான்சா A36 அதைவிட வேகமாகப் போகும், 60 லிட்டருக்குள்.

பழைய எஞ்சின் தொல்லையே வேண்டாம் என்று டைமண்ட் DA42 பக்கம் போகிறவர்கள் உண்டு. ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின்கள், இரண்டும் சேர்ந்து மணிக்கு 50 லிட்டருக்குள் முடித்துவிடும். பறக்க அருமையான விமானம். ஆனால் முதலில் அதில் பொருத்திய எஞ்சின்களைச் செய்த தீலர்ட் நிறுவனம் 2008இல் திவாலானது. உத்தரவாதத்தை நம்பி வாங்கியவர்கள் உதிரிகளுக்கும் கியர்பாக்ஸ் சோதனைக்கும் சொந்தப் பணத்தைக் கொட்டினார்கள். பிறகு டைமண்ட் ஆஸ்ட்ரோ எஞ்சினை வைத்து DA42 NG கொண்டுவந்தது. இன்றைக்குப் பழைய DA42 மலிவாகக் கிடைத்தால் எந்த எஞ்சின் என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, அதன் இறக்கை நீளம் 13 மீட்டருக்கும் மேல். 11 மீட்டர் செஸ்னாக்களுக்காகக் கட்டிய பல ஹேங்கர்களில் அது நுழையாது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததை ஹேங்கரில் விட வேண்டிவரும். டெக்னாம் P2006T இதைவிடச் சிக்கனம், தலா 100 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ரோடாக்ஸ் எஞ்சின், கார் பெட்ரோலிலும் ஓடும். சுமை குறைவாகத்தான் ஏற்றும்.

இவ்வளவும் பணத்தின் பக்கம். எனக்கு மனதில் அதிகமாக உறுத்துவது, யாரும் பட்ஜெட்டில் எழுதாத ஒரு செலவு. அது பயிற்சி. ஒரு எஞ்சின் நின்றால் சக்தியில் பாதி போகும், ஆனால் மேலேறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். முழு எடையில், கடல்மட்டத்தில்கூட, செமினோல் ஒரு எஞ்சினில் நிமிடத்துக்குச் சுமார் 200 அடிதான் ஏறும். அதுவும் நின்ற பக்கத்துப் புரொப்பெல்லரின் இலைகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பி, சக்கரங்களை உள்ளே இழுத்து, ஒரு எஞ்சினில் அதிகமாக ஏறும் வேகத்தைக் காட்டும் நீலக் கோட்டில் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான். வேகம் அதற்கும் கீழே, விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும் குறைந்தபட்ச வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி விழுந்தால், ஓடும் எஞ்சினே விமானத்தைப் புரட்டிவிடும். கை பழகியிருந்தால் செய்ய வேண்டியதை எல்லாம் சில நொடிகளில் செய்துவிடலாம். பழக்கம் விட்டுப்போனால் இரண்டாவது எஞ்சின் இல்லாமலிருப்பதே மேல்.

நாங்கள் அந்த எஞ்சின் செலவுக்குப் பிறகு என்ன செய்தோம் தெரியுமா? செலவைக் குறைக்க வேண்டும் என்று பயிற்சிப் பறப்பை நிறுத்தினோம். எட்டு மாதம் கழித்துப் பயிற்சியாளரோடு ஏறியபோது, உயரத்தில் அவர் ஒரு எஞ்சினின் சக்தியைக் குறைத்தார். எந்த எஞ்சின் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இறங்கியதும் அவர் திட்டவில்லை. "குடும்பத்தை இதில் ஏற்றிக்கொண்டு போனீர்களா இந்த எட்டு மாதத்தில்?" என்று மட்டும் கேட்டார். போயிருந்தேன், மூன்று தடவை.

அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சியாளரோடு ஒன்றரை மணி நேரம் என்பதை ஹேங்கர் வாடகையைப் போல நிலைச் செலவில் எழுதுங்கள். வருடத்துக்கு 9 மணி நேரம். ஐரோப்பிய லைசென்ஸ் என்றால் வருடா வருடம் திறன் சோதனையும் உண்டு. இவற்றையும் சேர்த்த பிறகு கணக்கு ஒத்துவரவில்லை என்றால், அந்த விமானம் உங்கள் சக்திக்கு மீறியது.

ஆறாவது வருடம் ஒரு பங்குதாரர் வேலை மாறிப் போனார். அவர் பங்கை வாங்க ஆள் கிடைக்கவில்லை, டச்சஸை விற்றோம். எனக்கு அந்த வருடங்கள் வருத்தம் தரவில்லை. இரவில் மலைகளுக்கு மேலே பறக்கும்போது இரண்டு எஞ்சின்களின் சத்தமும் ஒன்றாய்ச் சேர்ந்து கேட்கும் நிம்மதிக்கு என்னால் விலை போட முடியாது. இப்போது மறுபடியும் வாடகை செமினோல்தான்.

உங்கள் செனகாவுக்கு வருவோம். விற்பவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கடைசி ஐந்து வருடமும் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தது, இரண்டு எஞ்சின்களும் எந்த வருடம் ஓவர்ஹால் ஆயின, புரொப்பெல்லர்கள் எப்போது, ஹீட்டர் சோதனை கடைசியாக எப்போது. அந்த விமானத்தில் இதுவரை கை வைக்காத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய், சிலிண்டர்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் ஃபில்டரையும் அறுக்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். சம்மதித்து விவரங்கள் கிடைத்தால், இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள், உங்கள் எண்களை வைத்துச் சேர்ந்தே கணக்குப் பார்க்கலாம்.